டிரைவர் நடக்கிறார்

— இப்ப எந்தப் பக்கம்?

— பேச மாட்டேன்னு சொன்னதும் நீதான். இப்ப கேக்கறதும் நீதான்.

— கேக்கலைங்க. வாய் தவறி வந்துருச்சு. நீங்க போங்க. பார்க் கேட்ல இருந்து நம்ம வீட்டு வாசல் வரைக்கும் வழி உங்க பொறுப்பு. நான் ஊமை.

— முப்பது வருஷத்துக்கு மேல டாக்ஸி ஓட்டினவன். இந்த ஊர்ல எவன் வீட்டுக்கு எந்தச் சந்துல போகணும்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்வேன். எனக்கு என் வீட்டுக்கு வழி தெரியுதான்னு பரீட்சை வைக்கிறா என் பொண்டாட்டி. கேட்டுக்கோ ஊரே!

— மெதுவாங்க. ஊர் இன்னும் எழுந்திருக்கல. நாளைக்கு டாக்டர் இதைவிடக் கஷ்டமா கேப்பாரு. போன தடவை ஒரு கடிகாரம் வரையச் சொன்னாரே, ஞாபகம் இருக்கா?

— ஞாபகம் இருக்கா, ஞாபகம் இருக்கான்னு கேட்டே என்னைக் கொல்லு. வரைஞ்சேன். வட்டம் வந்துச்சு, நம்பர் வந்துச்சு. முள்ளு மட்டும் போட விட்டுப்போச்சு.

— முள்ளு இல்லாத கடிகாரத்த வச்சுக்கிட்டு என்ன பண்றது?

— நிம்மதியா இருக்கலாம்.

— சிரிப்புதான் உங்களுக்கு. நான் அன்னைக்கு அந்த ரூம்ல உங்க பக்கத்து நாற்காலியில உக்காந்து, அந்தப் பேப்பரைப் பாத்துக்கிட்டே இருந்தேன். எனக்குச் சிரிப்பு வரல.

— சரிம்மா. ரைட்டு. சிரிக்கல. நடப்போம்.

— வேகமா நடக்கணும். டாக்டர் என்ன சொன்னாரு? நடக்கும்போது பேச முடியணும், பாட முடியக் கூடாது. அதான் சரியான வேகம். எங்க, பாடிப் பாருங்க.

— நடுரோட்டுலயா?

— பாடுங்க.

— லல்ல லா… லலல்ல லா லா…

— நல்லா ராகம் போட்டு வருது. அப்ப வேகம் பத்தல.

— இது ஏத்தம்மா! வண்டியில வரும்போது இங்க மூணாவது கியருக்கு மாத்தணும்னு கைக்குத் தெரியும். ஏத்தம்னு இப்ப என் முட்டி சொல்லித்தான் தெரியுது. எத்தனை தடவை இந்த ரோட்டுல வந்திருப்பேன், ஒரு தடவையாவது மூச்சு வாங்கியிருக்கா?

— உங்களுக்கு வாங்காது. பெட்ரோலுக்குத்தான் வாங்கும். அதனாலதானே டாக்டர் கிட்ட போய் நின்னோம். விடியறதுக்கு முன்ன உக்காந்தா ராத்திரி வரைக்கும் உக்காந்தபடியே. ஸ்டாண்டுல சவாரி இல்லைன்னாலும் சீட்ட விட்டு இறங்கறதில்ல. சீட்டைச் சாய்ச்சு அங்கயே தூக்கம். பிரஷர், சுகர், எல்லாத்தையும் ஏத்திக்கிட்டு அது கூடவும் ஒரு ரவுண்டு.

— அத்தனையும் சவாரிதான். இறங்க மாட்டேங்குதுங்க.

— பேச்ச மாத்தாதீங்க. மூளைக்கு ரத்தம் நல்லா போகணும்னு அவர் சொன்னாரு. ஞாபகத்தப் பிடிச்சு வைக்கிற இடம் ஒண்ணு உள்ள இருக்காம், உடம்பு சும்மாவே கெடந்தா அதுவும் சுருங்குமாம். தினமும் நடக்க நடக்க அதுக்குத் தெம்பு வருமாம். நடந்தா எல்லாம் சரியாயிடும்னு சத்தியம் பண்ண மாட்டேன்னும் சொன்னாரு. ஆனா நடக்காம இருந்தா நான் என்ன மாத்திரை குடுத்தாலும் பாதி வேலைதான் ஆகும்னாரு.

— அவர் இவ்வளவு நீட்டிச் சொன்னதை நான் ஒத்த வரியில புரிஞ்சுக்கிட்டேன். வண்டிய எடுக்காம நிறுத்தியே வச்சா பேட்டரி இறங்கிடும். அவ்வளவுதானே?

— அவ்வளவுதான். உங்க பேட்டரி எவ்வளவு ஏறியிருக்குன்னு நாளைக்குத் தெரிஞ்சிடும். அவர் சரின்னு சொன்னாத்தான் லைசென்ஸு. இல்லைன்னா…

— இல்லைன்னா?

— ஒண்ணுமில்ல. நடங்க.

— சொல்லும்மா. இல்லைன்னா சாவி உன் தையல் மிஷின் டிராயர்லயே கெடக்கும். அதானே? நான் வாசல்ல உக்காந்து போற வர்ற வண்டிய எண்ணிக்கிட்டு இருப்பேன்.

— அப்படியெல்லாம் ஆக விடுவேனா? ஆறு மாசமா எதுக்கு உங்கள இழுத்துக்கிட்டு வரேன்? எனக்கு மட்டும் காலையில போர்வை கசக்குதா?

— கோவப்படாத. அன்னைக்குச் சவாரி வந்த அந்தப் பொண்ணு போன் பண்ணாம இருந்திருந்தா இந்த நடையும் இல்ல, நாளைக்கு டெஸ்ட்டும் இல்ல.

— அந்தப் பொண்ணுக்குக் கோயில் கட்டணும். வேற யாராவதா இருந்தா கதவ அடிச்சுச் சாத்திட்டுப் போயிருப்பாங்க. அவ உங்க போன்லயே என்னைக் கூப்பிட்டு, “அக்கா, உங்க வீட்டுக்காரர் வண்டிய ஓரமா நிறுத்திட்டு, எங்க போகணும்மான்னு மூணாவது தடவையா கேக்கறாரு. முகமே சரியில்ல. நீங்க வர்ற வரைக்கும் நான் கூட உக்காந்திருக்கேன்”னு சொன்னா. எனக்குக் கத்திரிக்கோல் கையில இருந்து விழுந்துருச்சு.

— அவ ஆஸ்பத்திரிக்குப் போகணும்னுதான் சொன்னா. காதுல விழுந்துச்சு. விழுந்தது உள்ள தங்கல. சிக்னல் பச்சை விழுந்தும் எனக்குக் கால் வரல. பின்னால அத்தனை பேரும் ஹாரன் அடிக்கிறான். என் வாழ்க்கையில முதல் தடவையா ஹாரன் என்னைப் பாத்து அடிச்சது.

— விடுங்க. அது முடிஞ்சு போச்சு.

— முடிஞ்சுதான்னு நாளைக்கு அவர் சொல்லட்டும்னு நீதானே சொல்ற.

— நான் என் கண்ணால பாத்ததையும் சொல்வேன். முன்னெல்லாம் பேத்திய “அவ, இவ, அந்தக் குட்டி”ன்னு இழுப்பீங்க. இப்ப பேரச் சொல்லித்தான் கூப்பிடறீங்க. ராத்திரி நாலு தடவை எழுந்து வாசக் கதவ ஆட்டிப் பாப்பீங்க, இப்ப அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கறீங்க. சாப்பாட்டுல உப்பு கொறைஞ்சா தட்டைத் தள்ளற மனுஷன், நேத்து எழுந்து போய் நீங்களே எடுத்துப் போட்டுக்கிட்டீங்க. இதுக்கெல்லாம் மார்க் இல்லையா?

— டாக்டர் உப்புக்கு மார்க் போட மாட்டாரு.

— நான் போடறேன்… நில்லுங்க. ஒரு நிமிஷம். மேல பாருங்க.

— எங்க?

— அந்த மூணாவது மாடி. நீலப் பூ போட்ட திரை.

— பாத்தேன். தொங்குது.

— தொங்குதா? அது நான் தைச்சது. அந்த மடிப்பப் பாருங்க, மேல இருந்து கீழ வரைக்கும் ஒரே சீரா விழுது. உள்ள வேற துணி குடுத்து அடிச்சிருக்கேன். இத்தனை வருஷம் வெயில்ல நின்னும் சாயம் போகல.

— நீ தைச்சதா? இந்த வீட்டுக்கு நான்தானே கொண்டு வந்து குடுத்தேன்! ஒரு பெரிய பொட்டலம், டிக்கியில கூட நுழையல. கீழ கேட்லயே அந்தம்மா வந்து வாங்கிக்கிட்டாங்க.

— பாத்தீங்களா, எப்பவோ குடுத்த பொட்டலம் ஞாபகம் வருது.

— ஆனா ஜன்னல ஒரு தடவை கூட நிமிர்ந்து பாக்கலையே. அதுக்கப்புறம் தினமும் இந்த வழிதான். வண்டியில உக்காந்தவனுக்கு எந்தக் கட்டடமும் கீழ் மாடியோட முடிஞ்சிடும். இன்னும் எங்கெங்க இருக்கு உன் திரை?

— இந்தத் தெருவுலயே நாலஞ்சு வீடு. அந்தப் பல் டாக்டர் வீடு என்னுது. அதுக்குப் பக்கத்துல அந்தப் பச்சை என்னுது இல்ல. அது ரெடிமேடு. பாத்தாலே தெரியல? ஓரம் இழுத்துக்கிட்டு நிக்குது.

— எனக்கு எங்க தெரியும்? நல்லா இருக்கும்மா உன் திரை. உள்ளபடியே நல்லா இருக்கு.

— சரி, சரி. ஐஸ் வைக்காதீங்க. நடங்க. நான் ஊமை.

— ரைட்டு. இப்படித் திரும்பறோம். என்ன முணுமுணுக்கற?

— ஒண்ணுமில்ல. இது… போஸ்ட் ஆபீஸ்.

— ஆமா. போஸ்ட் ஆபீஸ்தான்.

— வீடு அந்தப் பக்கம்.

— தெரியும்.

— தெரிஞ்சா… இல்ல, நான் பேசல. போங்க.

— இப்ப தண்ணித் தொட்டிய ஒட்டி, அந்த ஸ்கூலச் சுத்தி, பெட்ரோல் பங்க் பின்னால வந்து, அப்புறம் நேரா நம்ம தெரு. வாம்மா. ஏன் நின்னுட்ட? ஏய், என்ன இது? எதுக்கு அழற?

— அழல.

— கண்ணுல என்ன, வேர்வையா?

— என்னங்க, நம்ம வீடு இங்க இருந்து ரெண்டே தெரு. இந்த ரோட்டுல நேரா நடந்தா நம்ம மாடியில காயற துணி தெரியும். நீங்க ஸ்கூலச் சுத்திக் கூட்டிட்டுப் போறீங்க. நானும் இத்தனை நாளா பாக்கறேன். வழி உங்க கையில விட்டா இப்படித்தான் தலையச் சுத்தி மூக்கைத் தொடறீங்க. கேட்டா உங்க மனசு ஒடிஞ்சிடும்னு வாய மூடிக்கிட்டு கூடவே வந்தேன். நம்ம பொண்ணு போன் பண்ணும்போது, “அப்பாவுக்கு வழி சரியா பிடிபடலடீ, எல்லாம் நல்லா இருக்கு, வழி மட்டும் வரல”ன்னு சொல்லிட்டு, ரெண்டு பேரும் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் அழுதோம். நாளைக்கு அவர் ஒரு படத்தக் குடுத்து வழி போடச் சொன்னா நீங்க என்ன பண்ணுவீங்க?

— இரும்மா, இரு. நேரா எப்படிப் போறது?

— கால வச்சுத்தான்!

— அங்க பாரு. பலகை தெரியல? சிவப்பு வட்டம், நடுவுல வெள்ளைக் கோடு. நுழையக் கூடாது. அந்தப் பக்கத்துல இருந்து இங்க வரலாம். இங்க இருந்து அங்க போக முடியாது. மாத்தி நாலு வருஷமாச்சு. போனா பிடிச்சு எழுதிடுவான். என்ன அப்படிப் பாக்கற?

— என்னங்க.

— சொல்லு.

— நாம நடக்கறோம்.

— ஆமா, நடக்க…

— நடக்கறவங்களுக்கு ஒன்வே கிடையாது. எந்தப் போலீஸ்காரன் உங்க முட்டிய நிறுத்தி நம்பர் எழுதப் போறான்?

— அட.

— ‘அட’ன்னா?

— அடடா. ஏம்மா, அது எனக்குத் தோணவே இல்லையே! பலகையப் பாத்தா கால் தானா திரும்பிடுது. கால் என்ன கால், கை. கை இன்னும் ஸ்டியரிங்கப் பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்கு.

— அப்ப அந்த ரவுண்டானா? அன்னைக்கு முழுசா ஒரு சுத்துச் சுத்திட்டு வந்தீங்களே, நான் பயந்து செத்தேன்!

— ரவுண்டானாவக் குறுக்க வெட்டிப் போக முடியுமா?

— நடுவுல பெஞ்சு போட்டிருக்காங்க! ஜனங்க உக்காந்து கடலை சாப்பிடறாங்க!

— உக்காந்திருக்கறவன் எப்படி உள்ள போனான்னு நானும் யோசிப்பேன்.

— ஐயோ, கடவுளே! அந்த மேம்பாலம்? படிக்கட்டு இருந்தும் சரிவுலயே கடைசி வரைக்கும் இறங்கினீங்களே?

— படிக்கட்டுல வண்டி… சரி, சொல்லாத. புரிஞ்சுது.

— ஆறு மாசம்! ஆறு மாசமா நான் அழுது தொலைச்சது இந்தப் பலகைக்கா? உங்களுக்கு வழி மறக்கவே இல்லையா?

— ஏம்மா, எங்க மறந்தேன்? நாலு வருஷத்துக்கு முன்ன மாத்தின ஒன்வே வரைக்கும் அச்சு மாதிரி இருக்கு. நீ கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேனே!

— கேக்கப் பயமா இருந்துச்சுங்க. கேட்டு, நீங்க திருதிருன்னு முழிச்சிட்டா நான் என்ன பண்ணுவேன்? அந்த முழி எனக்குத் தெரியும். அந்தப் பொண்ணு போன் பண்ணி நான் ஓடி வந்தேனே, அப்ப என்னைப் பாத்து ஒரு செகண்டு முழிச்சீங்க. யார்னு தெரியாத மாதிரி. அந்த ஒரு செகண்டுக்காகத்தான் நான் தினமும் எழுந்து செருப்பு மாட்டறேன்.

— அது எனக்குத் தெரியாது.

— தெரிய வேண்டாம்னுதான் சொல்லல.

— வா. உன் ஆசைக்கு இந்தத் தெருவுலயே போவோம். எதிர்த்திசையில.

— வாங்க. பயப்படாதீங்க.

— பயமில்ல. கொஞ்சம் கூச்சமா இருக்கு. அந்தப் பையன் ஸ்கூட்டர்ல வரான் பாரு, என்னையே பாக்கறான்.

— அவன் உங்க வேகத்தப் பாத்துச் சிரிக்கிறான். ஓரமா வாங்க… பாத்து, பின்னால ஏதோ வண்டி ஹாரன் அடிக்குது.

— அண்ணே! அண்ணே! நான்தான், ஹாரன்!

— யாரு, நம்ம ஸ்டாண்டுப் பையன் ஹாரனா? சொல்ல வேண்டியதே இல்ல, பட்டப்பேருக்கு ஏத்த மாதிரி ஊரையே எழுப்பறியே. என்னடா, ஒன்வேயில தப்புத் திசையில எனக்குப் பின்னால வர்ற…

— நான் குறுக்குத் தெருவுல நிக்கிறேண்ணே, சட்டத்த மீறல! அண்ணி, வணக்கம். அண்ணே, நாளைக்குத்தானே டாக்டர்? ஸ்டாண்டுல எல்லாரும் கேக்கறாங்க. மரத்தடியில உங்க இடத்துல எவனையும் நிறுத்த விடல. புதுசா ஒருத்தன் வந்து நிறுத்தினான், பத்துப் பேர் சேந்து ஹாரன் அடிச்சு ஓட விட்டோம்.

— இடம் என்னடா இடம். நிறுத்திக்கச் சொல்லு.

— என்னண்ணே இப்படிச் சொல்றீங்க? அண்ணி, இவர் இப்படித்தான் பேசறாரா இப்பல்லாம்? ஏறுங்க ரெண்டு பேரும், வீட்டுல விட்டுட்டுப் போறேன்.

— வேண்டாம்ப்பா, நடக்கறது அவருக்கு மருந்து. நாளைக்கு நல்ல சேதி வந்ததும் உனக்குத்தான் முதல் போன். கெளம்பு, பின்னால வண்டி நிக்குது.

— ரைட்டுண்ணி! வரேண்ணே! நல்லா நடங்க!

— பாவம், பாசக்காரப் புள்ள. ஏங்க அவன்கிட்ட சுரத்தே இல்லாம பேசினீங்க? உங்க இடத்த உயிரா காத்துக்கிட்டு இருக்காங்க.

— காக்கட்டும்.

— இதான் பிடிக்கல எனக்கு. பாஸாயிடுவீங்க. எனக்கு இப்ப சந்தேகமே இல்ல. கடைசிச் சந்தேகம் அந்தப் பலகைதான், அதுவும் போச்சு. நாளன்னைக்கு நீங்க வண்டி எடுப்பீங்க. நான் விடிஞ்சு வெயில் வர்ற வரைக்கும் இழுத்துப் போத்திக்கிட்டுத் தூங்குவேன்.

— அப்ப நடை?

— டாக்டர் விடக் கூடாதுன்னுதான் சொல்வாரு. ஸ்டாண்டுல சவாரி இல்லாதப்ப இறங்கி நடங்க. ஹாரனையும் இழுத்துக்கிட்டுப் போங்க, அவனுக்கும் தொப்பை விழுது.

— நீ?

— எனக்குத் தையல் கெடக்கு. நீங்க இல்லாம நான் தனியா எங்க நடக்கறது? பாத்தீங்களா, வாசலே வந்துருச்சு. ரெண்டு தெரு. நான் சொல்லல? ஏன் நிக்கறீங்க, கதவத் தொறங்க.

— இன்னொரு ரவுண்டு போவோமா?

— விளையாடறீங்களா? ஒரு கல்யாண மண்டபத்துத் திரை பூரா வெட்டாம கெடக்கு. நீங்களும் குளிச்சுட்டு நல்லா ஓய்வெடுங்க. நாளைக்குத் தலை தெளிவா இருக்கணும்.

— ஏம்மா, கல்யாணமானதுல இருந்து நான் காலையில கெளம்பறதப் பாத்திருக்கியா நீ?

— எங்க பாக்கறது? நான் கண்ணு முழிச்சா பக்கத்துல தலையணைதான் இருக்கும்.

— உன்னை என் வண்டியில எங்கெல்லாம் கூட்டிட்டுப் போயிருக்கேன்?

— ஏன், பிரசவத்துக்குப் போயிருக்கேன். பொண்ணு காலேஜுல சேரப் போயிருக்கோம். எங்கம்மா போனப்ப. இப்ப எதுக்கு இதெல்லாம்?

— எங்க உக்காருவ?

— பின்னாலதான். முன் சீட்டுல உங்க தண்ணி பாட்டிலு, துடைக்கிற துணி, சில்லறை டப்பா. அது அலுவலகம்னு சொல்வீங்க. சவாரி மாதிரி பின்னால ஏறிக்குவேன்.

— ஆமா. உன் மூஞ்சிய நான் மேல இருக்கற கண்ணாடியிலதான் பாத்திருக்கேன். கண்ணும் நெத்தியும் மட்டும் தெரியும். நீ சிரிச்சா மூக்குச் சுருங்கும்னு இப்பதான் தெரிஞ்சுது. ரோட்டக் கடக்கும்போது கேக்காமலே என் சட்டைக் கையப் பிடிச்சுக்குவன்னு தெரிஞ்சுது. ஜன்னல் ஜன்னலா நீ அடிச்ச தையல் இந்த ஊர் பூரா தொங்குதுன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது. எனக்குப் பயமா இருக்கும்மா.

— ஐயோ, என்ன பயம்? பெயிலாயிடுவோம்னா? மாட்டீங்க, நான் சொல்றேனே!

— இல்ல. பாஸுன்னா இதெல்லாம் போயிடுமேன்னு.

— அடப்பாவி மனுஷா! அதுக்காக நாளைக்கு அவர் கேக்கறப்ப வேணும்னே தப்புத் தப்பா சொல்லி வச்சிடாதீங்க! வண்டி இல்லாம நீங்க வாடி நின்னதைப் பாத்தவ நான். என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுங்க, நாளைக்கு ஒழுங்கா பதில் சொல்றேன்னு!

— நாளைக்கு எனக்கு டெஸ்ட்டே இல்லம்மா, நீ அழுததுக்கப்புறம் இதை மறைக்க எனக்கு மனசு வரல: டாக்டர் வெளியூர் போறார்னு போன வியாழக்கிழமையே கூப்பிட்டுட்டாங்க, நீ துணி எடுக்கக் கடைக்குப் போயிருந்த, நான் தனியா போய் எல்லாத்துக்கும் பதில் சொல்லி பாஸும் பண்ணிட்டேன், மறுநாள் காலையில சாவி கேக்கலாம்னுதான் எழுந்தேன், நீ ரெண்டு பேர் செருப்பையும் எடுத்து வச்சுட்டு வாசல்ல நின்ன.